பருவகால வீட்டுத் தோட்டம்

பருவகால வீட்டுத் தோட்டம் என்பது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலோ மாடியிலோ தொட்டிகளிலோ காய்கறி, கீரை, பழம், பூ, மூலிகை ஆகியவற்றை அந்தந்தப் பருவத்துக்கு ஏற்பப் பயிரிட்டுப் பராமரிக்கும் முறை ஆகும். விதைத்தல், கவாத்து செய்தல், நீர் ஊற்றுதல், வடிகால் அமைத்தல், முற்றத்தைத் தூய்மையாக வைத்திருத்தல் ஆகிய பணிகளும் இதில் அடங்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதிகளின் வீட்டுத் தோட்டத்தைப் பற்றியது.

குளிர் நாடுகளில் தோட்டத்தின் ஆண்டு உறைபனியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கடைசி உறைபனி முடிந்த பின் விதைப்பதும், முதல் உறைபனிக்கு முன் அறுவடை செய்வதும் அங்குள்ள வழக்கம். தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை. இங்கு ஆண்டைப் பிரிப்பவை மழையும் வெயிலுமே. ஆகவே அயல்நாட்டு நூல்களில் வசந்த காலத்தில் விதைக்குமாறு கூறும் அறிவுரையை மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அப்படியே பின்பற்றினால், பல செடிகளின் நாற்று வேர் பிடிக்கும் முன்பே கோடை வெயிலில் கருகிவிடும். இதற்கு மாற்றாக உழவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் 'பட்டம்' என்னும் விதைப்புக் காலக் கணக்கு வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்துகிறது.

பெயரும் அமைப்பும்

வீட்டின் பின்புறத் தோட்டம் தமிழ்நாட்டில் கொல்லை, புழக்கடை, கொல்லைப்புறம் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. இலங்கைத் தமிழில் வீடும் அதனைச் சூழ்ந்த நிலமும் சேர்ந்து வளவு எனப்படும். சங்க இலக்கியங்களில் வீட்டையோ ஊரையோ ஒட்டிய தோட்டத்தைக் குறிக்கப் படப்பை என்னும் சொல் வருகிறது.

மரபான கொல்லையின் அமைப்பு நீரின் போக்கை ஒட்டியது. கிணற்றடியிலும் பாத்திரம் துலக்கும் இடத்திலும் இருந்து வழியும் நீர் வாழைக்கும் சேம்புக்கும் செல்லும். அதிக நீர் வேண்டாத முருங்கை சற்றுத் தள்ளி நடப்படும். கறிவேப்பிலை சமையலறைக்கு அருகிலும், துளசி முற்றத்திலும், செம்பருத்தி வேலியோரத்திலும் இருக்கும். அவரை, புடலை, பாகல் ஆகியவை பந்தலிலும், சுரையும் பூசணியும் கூரையிலோ வைக்கோல் போரிலோ படரவிடப்படும்.

காலநிலை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. கடற்கரை மாவட்டங்களில் இதன் பங்கு இன்னும் அதிகம். சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மாவட்டங்களுக்கு மழை தருகிறது. மற்ற இடங்களில் மாலை நேர இடிமழையாக அவ்வப்போது பெய்கிறது. சனவரி முதல் மே வரையிலான காலம் பெரும்பாலும் வறண்டது.

தமிழ் மரபில் ஆண்டு ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவையாவன:

* கார் - ஆவணி, புரட்டாசி
* கூதிர் - ஐப்பசி, கார்த்திகை
* முன்பனி - மார்கழி, தை
* பின்பனி - மாசி, பங்குனி
* இளவேனில் - சித்திரை, வைகாசி
* முதுவேனில் - ஆனி, ஆடி

வெயில் விழும் திசையும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகத்து நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருப்பதால் மதிலின் நிழல் தெற்கே விழும். திசம்பரில் சூரியன் தென்வானில் ஏறத்தாழ 53 பாகை உயரமே எழுவதால், 3 மீட்டர் உயரமுள்ள மதிலின் நண்பகல் நிழல் வடக்கே 2.2 மீட்டர் வரை நீளும். ஆகவே கோடையில் நல்ல வெயில் பெற்ற வடபுறப் பாத்தி மார்கழியில் நிழலுக்குள் போய்விடும். காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேர நேரடி வெயில் தேவை என்பதால், பாத்தி அமைக்கும் முன் இதனைக் கவனித்தல் வேண்டும்.

பட்டங்கள்

பட்டம் என்பது ஒரு பயிரை விதைப்பதற்கு ஏற்ற காலம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழி பரவலாக அறியப்பட்டது. ஆடியில், அதாவது சூலை நடுவில், கடும் வெயில் தணிந்து மாலை மழை தொடங்குகிறது. அப்போது விதைத்த செடி ஆவணி, புரட்டாசி மாதங்களின் மிதமான மழையில் வேரூன்றி, ஐப்பசிப் பெருமழைக்கு முன் தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஐப்பசியில் விதைத்தால் விதை மழையில் அடித்துச் செல்லப்படும். முளைத்த நாற்றும் அழுகும். பழமொழியின் உட்பொருள் இதுவே.

வீட்டுத் தோட்டத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் பட்டங்கள்:

* ஆடிப்பட்டம் (சூலை - ஆகத்து): வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, அவரை, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி.
* புரட்டாசிப்பட்டம் (செப்டம்பர் - அக்டோபர்): முள்ளங்கி, கொத்துமல்லி, மிளகாய் நாற்று. சமவெளியில் முட்டைக்கோசு, பூக்கோசு ஆகியவற்றின் நாற்றும் இக்காலத்தில் விடப்படும்.
* தைப்பட்டம் (சனவரி - பிப்ரவரி): வெண்டை, தக்காளி, பாகல், புடலை, வெள்ளரி, தர்பூசணி. நீர் வசதி உள்ள வீடுகளுக்கு மட்டுமே ஏற்றது.
* சித்திரைப்பட்டம் (ஏப்ரல் - மே): சேனைக்கிழங்கு நடவு. இதனைத் தொடர்ந்து வைகாசி, ஆனியில் மஞ்சள் நடப்படும். மஞ்சள் பொங்கலுக்குக் கொத்தோடு கிடைக்கும்.

அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை முதலியவற்றைப் பெருமழைக் காலம் தவிர ஆண்டு முழுவதும் விதைக்கலாம். சிறுகீரை ஏறத்தாழ 25 நாள்களில் வேரோடு பிடுங்கப்படும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மீண்டும் தழைக்கும். வெண்டை 45 நாள்களில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டு 25 முதல் 40 நாள்களுக்குள் பிடுங்கி நட வேண்டும்.

பட்டம் ஒரு வழிகாட்டியே அன்றி மாறாத விதி அன்று. 2015 ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. அடுத்த ஆண்டான 2016 இல் அதே பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. ஆகவே நாட்காட்டியுடன் மண்ணையும் பார்க்க வேண்டும். ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுவே விதைப்புக்கு ஏற்ற ஈரம். பிழிந்தால் நீர் கசியும் மண்ணில் விதைக்கக் கூடாது.

பருவவாரியான பணிகள்

கோடை (பங்குனி - வைகாசி)

இக்காலத்தின் முதன்மையான பணி இருக்கும் செடிகளைக் காப்பதே. சருகு, வைக்கோல், தென்னை மட்டை ஆகியவற்றை இரண்டு அல்லது மூன்று விரற்கடை கனத்துக்குச் செடியின் அடியில் பரப்புவது மூடாக்கு எனப்படும். இது மண்ணின் ஈரத்தைக் காத்து, களையையும் தடுக்கும். மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டு அழுகும். நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். மே மாதத்தின் அக்னி நட்சத்திர நாள்களில் கீரைப் பாத்திகளுக்கும் தொட்டிகளுக்கும் நிழல்வலை கட்டுவது நல்லது. காலியாக உள்ள பாத்தியைக் கொத்திவிட்டு வெயிலில் காயவிட்டால் மண்ணில் உள்ள கூட்டுப்புழுக்களும் களை வேர்களும் பெருமளவு அழியும்.

ஆடி - புரட்டாசி

விதைப்பு, நடவு, பந்தல் போடுதல் ஆகியவை இக்காலப் பணிகள். ஆடியில் காற்று வலுவாக இருக்கும் என்பதால் நட்ட கன்றுகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மாமரத்தில் காய் பறித்து முடிந்த பின் காய்ந்த கிளைகளையும் உட்புறமாக வளர்ந்த கிளைகளையும் நீக்குவது வழக்கம். பனை விதைகளைக் குவித்து மண் மூடி வைத்தால் தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும்.

புரட்டாசி முடிவதற்குள் மழைக்கான ஆயத்தம் முடிந்திருக்க வேண்டும். வடிகால் வாய்க்கால்களைத் தூர் எடுத்தல், பாத்திகளை அரை அடி உயர்த்துதல், கூரைக் குழாய்களில் அடைத்த சருகை அகற்றுதல், மின்கம்பியைத் தொடும் கிளைகளை மின்வாரியத்துக்குத் தெரிவித்தல் ஆகியவை இதில் அடங்கும். மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளைகளைத் தாமே வெட்ட முயல்வது உயிருக்கு ஆபத்தானது.

மழைக்காலம் (ஐப்பசி - கார்த்திகை)

இக்காலத்தில் செடி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தேங்கிய நீரே. மண்ணின் காற்றிடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்வதால் வேர் மூச்சுவிட இயலாமல் அழுகும். இலை வாடியிருப்பதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவது பொதுவான தவறு. பப்பாளி, கத்தரி, மிளகாய் ஆகியவை தேங்கும் நீரை மிகக் குறைவாகவே தாங்கும். பெருமழை நாள்களில் உரமிடுவதால் பயனில்லை. அது கரைந்து ஓடிவிடும்.

2016 திசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பரில் கசா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. புயல் எச்சரிக்கை வந்த பின் மரத்தில் ஏறுவது தவறு. கிளையின் பளுவைக் குறைத்தல், முற்றிய தேங்காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குதல் ஆகியவற்றைப் பருவமழைக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். முருங்கை எளிதில் முறியும் மரம் ஆதலால் அதனை அவ்வப்போது ஒடித்து, உயரம் குறைவாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

பனிக்காலம் (மார்கழி - மாசி)

சமவெளித் தோட்டம் செழிப்பாக இருக்கும் காலம் இது. ஆடியில் நட்ட அவரை இப்போது மிகுதியாகக் காய்க்கும். மழை ஓய்ந்ததும், நவம்பர் இறுதி முதல் திசம்பர் வரை, மல்லிகையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து உரமிட்டால் மார்ச்சு முதல் பூ கிடைக்கும். மாமரம் பூக்கும் முன் அதற்கு நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். நீர் மிகுந்தால் பூவுக்கு மாற்றாகத் துளிர் விடும். பிஞ்சு பிடித்த பின் மீண்டும் நீர் ஊற்றலாம்.

நீர்

கோடை உச்சத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 லிட்டர் வரை நீரை இழக்கிறது. எனவே 10 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு நாள்தோறும் 60 லிட்டர், அதாவது நான்கு குடம் அளவு நீர் தேவைப்படும். விதைக்கும் முன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2019 சூனில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவியது. கோடையில் நீர் இல்லாத வீடுகள் தைப்பட்டத்தைத் தவிர்த்து, ஆடிப்பட்டத்தை மட்டும் மேற்கொள்ளலாம்.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கூரை நீரைக் கிணற்றுக்கோ ஊறல் குழிக்கோ செலுத்துவது கோடைத் தோட்டத்துக்கும் உதவும். அரிசி, பருப்பு கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். சோப்பு கலந்த நீரை வாழை போன்றவற்றுக்கு மட்டும் விட்டு, கீரைக்குத் தவிர்ப்பது நல்லது. நீர் ஊற்றக் காலையே ஏற்ற நேரம்.

மண்ணும் உரமும்

செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலப்பது தொட்டிகளுக்கான எளிய கலவை. களிமண் நிலத்தில் எருவும் மணலும் சேர்த்தால் நீர் வடியும். மணல் நிலத்தில் எருவும் வண்டலும் சேர்த்தால் நீர் நிற்கும். புதிய சாணத்தை நேரடியாக இடக்கூடாது. அது மக்கும்போது வெளிவிடும் வெப்பம் வேரைத் தாக்கும்.

சருகை எரிப்பது பரவலாகக் காணப்படும் வழக்கம். இதனால் புகை உண்டாவதுடன், மண்ணுக்குத் திரும்ப வேண்டிய மட்குப் பொருளும் வீணாகிறது. சருகு இரண்டு பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்னும் அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் இரண்டு அல்லது மூன்று மாதங்களில் எரு ஆகும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுதி என்று பொருள். மேலும் சருகு சேர்க்க வேண்டும்.

பூச்சிகள்

வீட்டுத் தோட்டத்தின் விளைபொருள் பறித்த அன்றே உண்ணப்படுகிறது. இதனால் நச்சு மருந்து தெளித்த பின் காத்திருக்க வேண்டிய நாள்கள் கடைப்பிடிக்கப்படுவதில்லை. வயலுக்கு வாங்கிய மருந்தில் மீந்ததைக் கொல்லைக் கத்தரிக்குத் தெளிப்பது தீங்கானது. மோனோகுரோட்டோபாசு என்னும் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த இந்தியாவில் 2005 ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது.

வீட்டளவில் போதுமான முறைகள்:

* வேப்பங்கொட்டைச் சாறு: இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் இதன் வீரியம் விரைவில் குறையும்.
* அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவை தோன்றியவுடன் நீரைப் பீய்ச்சி அடித்தல், தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி அழித்தல்.
* காய்த்துளைப்பான் தாக்கிய கத்தரி, வெண்டைக் காய்களை உடனே பறித்து அழித்தல். அவற்றை எருக்குழியில் போடக்கூடாது.
* மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கூட்டமாக அடையும் கம்பளிப்பூச்சியை வெறுங்கையால் தொடாதிருத்தல். அதன் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

2008 ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கா ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட இது, பப்பாளியுடன் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி ஆகியவற்றையும் தாக்கிப் பரவியது. மேலே மூடியுள்ள மெழுகுப் படலத்தால் மருந்துகள் இதனிடம் சரிவரப் பலிக்கவில்லை. 2010 ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் தோட்டங்களில் விடப்பட்ட பின்னரே இப்பூச்சி கட்டுக்குள் வந்தது. நச்சு மருந்து இத்தகைய குளவிகளையும் கொல்வதால், கொல்லையில் தெளிக்காதிருப்பதும் ஒருவகைப் பூச்சிக் கட்டுப்பாடே.

மாடித் தோட்டம்

மாடித் தோட்டத்தில் முதலில் கணக்கிட வேண்டியது எடை. நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோகிராம் எடை உடையது. 20 செ.மீ. ஆழத்துக்கு மண் நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோகிராம் சுமை ஏறும். மக்கள் நடமாடும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தரநிலை 875 குறிப்பிடும் புழங்கு சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் மட்டுமே. ஆகவே கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் மாடி முழுவதும் மண் பரப்பக்கூடாது. தென்னை நார்க்கழிவு கலந்த பைகளை இடைவெளி விட்டு, சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக வைப்பது பொதுவான முறை. பைகளைத் தாங்கிகளின் மேல் உயர்த்தி வைத்தால் தளம் உலர்ந்திருக்கும். நீர்க்கசிவும் உடனே தெரியும். கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு நீக்க வேண்டும்.

உடல்நலமும் பாதுகாப்பும்

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடுகிறது. தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த வாளி, மூடாத நீர்த்தொட்டி ஆகியவை இதற்குப் போதும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை எல்லாக் கலன்களையும் கவிழ்த்தால் சுழற்சி அறுபடும். முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், நீரைக் கொட்டுவதுடன் கலனின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். 2017 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 20,000 க்கும் மேற்பட்டோர் இக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர்.

விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, புதர் ஆகியவற்றில் பாம்புகள் தங்கும். இவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல், இரவில் விளக்குடன் நடப்பது நல்லது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்டவரை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை ஆகியவை நஞ்சுடையவை. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் தவிர்க்கலாம். பார்த்தீனியம் செடியைப் பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்க வேண்டும்.

வட்டார வேறுபாடுகள்

நீலகிரி, கொடைக்கானல் ஆகிய மலைப்பகுதிகளில் திசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு; அங்கு மேற்கூறிய பட்டங்கள் பொருந்தா. கன்னியாகுமரி மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறுவதால் அங்கு நடவுக் காலம் நீளமானது. இலங்கையின் வட, கிழக்குப் பகுதிகளும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன.

இவற்றையும் பார்க்க

* பெரும்பொழுது
* மழைநீர் சேகரிப்பு
* மாடித் தோட்டம்
* இயற்கை வேளாண்மை
* டெங்கிக் காய்ச்சல்